இருபத்தோராவது நோன்புக் கஞ்சி

போட்டேனா இல்லையா? கையை விரிச்சுப் பாக்குறேன், காஞ்சு கிடக்கு. கல்லுப்பு அள்ளின கைன்னா விரலிடுக்குல பிசுபிசுன்னு ஒரு ஈரம் நிக்கும். ஆனா அதுக்கப்புறம் தேங்காய்ப்பால் பிழிஞ்சு ஒரு தரம் கழுவிட்டேன், மல்லித்தழை அரிஞ்சு இன்னொரு தரம் கழுவிட்டேன், இனி கையைக் கேட்டா அது என்னத்தைச் சொல்லும். ஜாடியைத் திறந்து பாக்குறேன். முக்கால் ஜாடி உப்பு, நேத்தும் முக்கால் ஜாடிதான். மேல ஒரு குழி விழுந்திருக்கு, அது சம்சா மசாலாவுக்கு எடுத்த குழியா கஞ்சிக்கு எடுத்த குழியான்னு யாரு வந்து சொல்றது. சட்டி மூடியைச் சாய்ச்சு மூந்து பாக்குறேன். இஞ்சி பூண்டு வாசம் வருது, ரம்பை இலை வாசம் வருது, கொத்துக்கறி வாசம் கூட வருது, அதுவே பெரிய அதிசயம், போட்டது ஒரு கைப்பிடி. எல்லாத்துக்கும் வாசத்தை வச்ச ரப்பு உப்புக்கு மட்டும் வைக்காம விட்டுட்டான். ஒரு சொட்டு நாக்குல விட்டா தெரிஞ்சு போற விஷயம் இது. ஆனா நோன்பு. இருபத்தோராவது நோன்பு. அஸர் தொழுதுட்டுத் திரும்ப அடுப்படிக்கு வந்தவ நான், நோன்பு துறக்குற மஃரிப் பாங்குக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் கிடக்கு, இந்தக் கஞ்சி உப்போட இருக்கா உப்பில்லாம இருக்கான்னு தெரியாம ஒன்றரை மணி நேரம் நான் இங்க நிக்கணும். இதுல என் மவளோட மாமியார், சம்மந்தி வேற வாராஹ. வருஷத்துல ஒரு நாள் சம்மந்தி வீட்டாரை நோன்பு துறக்கக் கூப்பிடணும், அது எங்க ஊரு வழமை. அந்த ஒரு நாள் பாத்தா எனக்கு இப்படி வரணும்.

நாக்கு நுனியில வச்சுப் பாத்துட்டுத் துப்பிடலாம், சமைக்கிறவளுக்கு அது குத்தமில்லன்னு மதரஸாவுல பாடம் சொல்ற ஆலிமா சொல்லிருக்காஹ. தெரியும் எனக்கு. எதிர்வீட்டு நூர்ஜஹான் தினமும் அப்படித்தான் பாக்குறா, பாத்துட்டு வாசல்ல வந்து துப்புவா, ஊருக்கே கேக்கும். ஆனா நான் நேர்ச்சை வச்சுட்டேன். முத நாள், தலைநோன்பு அன்னைக்கு, நெத்தியைத் தரையில வச்சு ஸஜ்தாவுல கிடந்து வச்சேன், யா அல்லாஹ், இந்த வருஷம் முப்பது நோன்பும் அடுப்படி ருசி என் நாக்குல படாம பிடிக்கிறேன், என் மவ வயித்துல ஒண்ணைக் குடுன்னு. யாருகிட்டயும் சொல்லல. இருபது நோன்பு போயிடுச்சு. இருபது நாளும் கைக்கணக்குலயே போட்டேன், ஒரு நாளும் தப்பல, நேத்து வடை மட்டும் ஒரு சொட்டு கரிச்சுது, அது பரவாயில்ல. ஏன் இன்னைக்கு மட்டும் கை மறந்துச்சுன்னு கேட்டா எனக்குத் தெரியும் ஏன்னு. அதை இப்ப நெனைக்க வேணாம். சட்டியைப் பாப்போம். குருணை அரிசி நல்லாக் குழைஞ்சிருக்கு. முழு அரிசி போட்டுக் கஞ்சி காய்ச்சுறது வெட்டிச் செலவு, குருணைதான் கஞ்சிக்குக் கூடும், அதை எத்தனை பேருக்குச் சொன்னாலும் கேக்க மாட்டாளுஹ. வாங்கின கொத்துக்கறியில பாதி கஞ்சிக்கு, பாதி சம்சாவுக்கு. சம்சாவுக்குள்ளது காணாதுன்னு உருளைக்கிழங்கை மசிச்சுக் கலந்துட்டேன், கடிக்கிறப்ப ஒவ்வொருத்தர் வாய்லயும் ஒரு துணுக்கு கறி கட்டாயம் படும், அந்த மாதிரிக் கலக்குறதுக்கு ஒரு கை வேணும். தேங்காய் ஒண்ணு, முதப்பால் கஞ்சிக்கு, ரெண்டாம் பால் நாளைக்கு விடியுமுன்ன சாப்பிடுற ஸஹர் குழம்புக்கு, பிழிஞ்ச சக்கையை மிளகாய் வச்சு வறுத்துத் தொவையல். கடல்பாசி இனிப்பை ஒரு தட்டுக்குப் பதிலா ரெண்டு தட்டுல ஊத்திருக்கேன், மெல்லிசா இருந்தாத்தான் சம்மந்தி வீட்டுல அழகா வெட்டிருக்காளேன்னு நெனைப்பாஹ. சென்னையில பாத்திரக்கடையில நாள் பூரா நிக்கிறாஹ என் மவ சுலைகாவோட வாப்பா, அவுஹ அனுப்புறதை நான் இப்படி நீட்டி நீட்டித்தான் குடும்பத்தை ஓட்டுறேன், அதுல எனக்கு வெக்கமில்ல, பெருமைதான். எதையும் நீட்டிடுவேன் நான். நாள் கணக்கைத்தான் நீட்ட முடியல.

எங்க உம்மா வீட்டுல இந்தக் கவலையே கிடையாது. அஞ்சு பொம்பளைப் புள்ளைங்க, ரெண்டு மச்சிமாரு, எந்த நோன்பு நாளா இருந்தாலும் யாராவது ஒருத்திக்கு மாசாமாசம் வாரது வந்து தொழுகை இல்லாம இருக்கும். தொழுகை இல்லாதவளுக்கு நோன்பும் இல்ல, அவதான் அன்னைக்கு உப்புப் பாக்கணும். உம்மா பேர் சொல்லிக் கூப்பிட மாட்டா. அடுப்படியில இருந்துக்கிட்டு பொதுவா ஒரு குரல், "உப்புப் பாக்க யாரும்மா இருக்கா?" அவ்வளவுதான். இருக்கிறவ சத்தம் காட்டாம எழும்பி வருவா, உள்ளங்கையில ஒரு சொட்டு வாங்கி நக்கிட்டு தலையை ஆட்டிட்டுப் போவா, ஆம்பளைங்களுக்குத் தெரியாது, தெரிஞ்சாலும் தெரியாத மாதிரி. எனக்குப் பதிமூணு வயசுல முதத் தரம் வந்தது நோன்பு மாசத்துலதான். யாருகிட்டயும் சொல்லாம ரெண்டு நாள் கிடந்தேன். மூணாவது நாள் உம்மா அந்தக் குரலைக் கொடுத்தா, யாரும் எழும்பல, உம்மா இன்னொரு தரம் கேட்டா, அப்புறம் நான் எழும்பினேன். அடுப்படியில உள்ள எல்லாக் கண்ணும் என் மேல. உம்மா ஒரு வார்த்தை கேக்கல, கரண்டியில இருந்து என் உள்ளங்கையில ஊத்தினா, ஊதிட்டு ஊத்தினா, சுடும்னு. "சரியா இருக்கும்மா"ன்னேன். சரியா இல்ல, கரிச்சுது, நான் வெக்கத்துல சரின்னு சொல்லிட்டேன். அன்னைக்கு வாப்பா ஒரு மிடறு குடிச்சுட்டு "உப்புப் பாத்தது யாரு"ன்னு கேட்டாஹ, ஒருத்தியும் வாயைத் திறக்கல. அதெல்லாம் ஒரு காலம். இப்ப இந்த வீட்டுல ரெண்டே பொம்பளை, நானும் சுலைகாவும். எனக்கு நின்னு மூணு வருஷம் ஆச்சு. எங்க ஊர்ல மாப்பிள்ளைதான் பொண்ணு வீட்டுக்கு வரணும், கல்யாணம் ஆகி மாப்பிள்ளை எங்க வீட்டுக்கு வந்த நாள்ல இருந்து நாலு நோன்பு மாசம், நாலுலயும் சுலைகாதான் உப்புப் பாத்தா. சாயங்காலம் அவளா வந்து நிப்பா, "குடுங்கம்மா, நான் பாக்குறேன்"னு. நான் கரண்டியை நீட்டுவேன். நீட்டுறப்பவே தெரியும், அந்தத் தரமும் அவ வயித்துல ஒண்ணும் இல்லன்னு. நாலு வருஷம், நாலு தரம், ஒரே கரண்டி.

இந்தத் தரம் அவ வரல. அதைத்தான் நெனைக்க வேணாம்னு சொன்னேன், நெனைச்சுட்டேன், சரி, நெனைப்போம். நோன்பு மாசத்துக்குப் பதினஞ்சு நாள் முன்ன வார பராத் ராவுல அவளுக்குத் தொழுகை இல்ல, ஞாபகம் இருக்கு, நான் யாஸீன் ஓதிட்டிருந்தேன், அவ தள்ளி உக்காந்து கேட்டுட்டிருந்தா. மாப்பிள்ளை தலைநோன்புக்கு ரெண்டு நாள் முன்னத்தான் துபாய்க்குப் போனாஹ, ரெண்டு மாச லீவு, இனி அடுத்த வருஷம்தான். அப்ப கணக்குப்படி பதிமூணாவது நோன்புல அவளுக்கு வரணும். பதிமூணு வந்துச்சு, அவ ஸஹருக்கு எழும்பினா, சாப்பிட்டா, நோன்புக்கு நிய்யத் வச்சா. பதினாலு. பதினஞ்சு. பதினேழுல பத்ரு ஸஹாபாக்கள் பேருல ஓதி நேர்ச்சைச் சோறு கொடுத்தாஹ தெருவுல, அன்னைக்கும் நோன்பு. நான் வாயைத் திறக்கல. போன வருஷம் ரெண்டு நாள் தள்ளினதுக்கே கடையில அந்த அட்டையை வாங்கியாரச் சொல்லி அவசரப்பட்டேன், ஒரு கோடுதான் விழுந்துச்சு, அவ மூஞ்சியைப் பாத்தேன், அதுக்கப்புறம் அந்த அட்டை இருக்கிற கடைப் பக்கமே நான் போகல. இந்தத் தரம் வாயைத் திறக்காம இருக்கிறதுதான் நான் செய்யக்கூடிய ஒரே வேலை. கறித்துண்டுல பெருசை அவ தட்டுல போடுறேன், அவ அதைத் திருப்பி என் தட்டுல போடுறா. கனமான குடத்தைத் தூக்காதேன்னு சொல்ல நாக்கு வரைக்கும் வரும், சொன்னா சொன்ன மாதிரி ஆயிடும், அதனால நானே ஓடிப்போய்த் தூக்கிடுறேன். இடுப்புல பிடிச்சுக்கிச்சு, பரவாயில்ல. இன்னைக்கு இருபத்தொண்ணு. எட்டு நாள் தள்ளிப் போயிருக்கு. எட்டு நாள்னா சும்மாவா. ஆனா மத்தியானம் லுஹர் தொழுகைக்கு அப்புறம் அவ பாத்ரூமுக்குப் போனா. நான் அப்பத்தான் கஞ்சியை அடுப்புல ஏத்திட்டு உப்பு ஜாடியை எடுக்கக் கை நீட்டினேன், அது நல்லா ஞாபகம் இருக்கு, தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டுச்சு, கை அப்படியே நின்னுச்சு. தொழுகைக்கு ஒளு செய்ற தண்ணி சத்தம் எனக்குத் தெரியும், விட்டு விட்டு விழும். குளிக்கிற சத்தம் வேற. இது ரெண்டுமில்ல. மெல்லிசா ஒழுகவிட்டு எதையோ அலசுற சத்தம். அப்புறம் பீரோ திறந்த சத்தம், மேல் கதவு இல்ல, கீழ்த்தட்டு, அது கிர்ருன்னு கத்தும், எண்ணெய் போடணும் போடணும்னு ஒரு வருஷமாச் சொல்றேன். அங்கதான் அவ பழைய துணியெல்லாம் மடிச்சு வச்சிருக்கா. தொழுற பாயும் அதே தட்டுலதான் இருக்கு. பாயை எடுக்கத் திறந்தாளா? பாயை எடுக்கத்தான் திறந்திருப்பா.

அப்ப அஸர் தொழுதாளா? நான் என் அறையில தொழுதேன், அவ அவ அறையில. கதவு ஒருக்களிச்சிருந்துச்சு. எட்டிப் பாத்திருக்கலாம், பாக்கல. இப்பப் போய்ப் பாத்தா என்ன. அடுப்பைக் குறைச்சு வச்சுட்டு நாலு எட்டு நடந்து கதவுகிட்டப் போறேன். உள்ள ஃபேன் ஓடுற சத்தம். "சுலைகா"ன்னு கூப்பிட வாயெடுத்தேன், கூப்பிட்டு என்ன கேக்குறது, கஞ்சிக்கு உப்புப் பாக்க வாரியான்னா? அந்த ஒரு கேள்வியை நோன்பு மாசத்துல ஒரு பொம்பளை இன்னொரு பொம்பளைகிட்டக் கேட்டா அதுக்கு என்ன அர்த்தம்னு அவளுக்குத் தெரியாதா. அவ "நான் நோன்பும்மா"ன்னு சொல்லிட்டா நான் இந்த வாசல்லயே விழுந்து நன்றி சொல்லி ஷுக்ரு ஸஜ்தா செய்வேன். வேற மாதிரிச் சொல்லிட்டா? சொல்லாத வரைக்கும் இருபத்தோராவது நோன்பும் அவ நோன்புதான். திரும்பி வந்துட்டேன். வந்து பாத்தா கஞ்சி அடிப்பிடிக்கப் போற வாசம், யா அல்லாஹ், நல்ல வேளை, கிண்டிவிட்டுட்டு அடுப்பை அணைச்சேன். அணைச்சுட்டு மேல ஒரு கனத்த துணியைப் போட்டு மூடினா மீதி வேக்காடு அதுவா வெந்துக்கும், கேஸை எரிச்சுக்கிட்டே இருக்கணும்னு இல்ல. சரி, வேற வழி யோசிப்போம். பின்வாசல்ல பூனை கிடந்துச்சு. ஒரு சிரட்டையில நாலு சொட்டு ஊத்தி வச்சேன். நக்கிக் குடிச்சுது, மீசையைத் துடைச்சுது, இன்னும் கொண்டான்னு பாத்துச்சு. கருவாட்டுத் தலையையும் இதே மாதிரித்தான் திங்குது, அதுகிட்டப் போய் உப்புக் கேட்ட என்னைச் சொல்லணும். அப்புறம்தான் நூர்ஜஹான் பேத்தி பரீதா ஞாபகம் வந்துச்சு, ஏழு வயசு, வாசல்ல சொட்டாங்கல் விளையாடிட்டிருந்தா. "வா புள்ள, ஒரு வாய் கஞ்சி குடிச்சுப் பாத்துச் சொல்லு, உப்பு இருக்கா"ன்னேன். அவ எழும்பி இடுப்புல கையை வச்சுக்கிட்டா. "நான் நோன்பு"ன்னா. "நீ மத்தியானம் முறுக்குத் தின்னியே, நான் பாத்தேனே"ன்னேன். "அது காலை நோன்பு. அதைத் துறந்துட்டேன். இது சாயங்கால நோன்பு, இதை முறிக்கக் கூடாது"ன்னா. எனக்குச் சிரிப்பு வரல, அழுகைதான் வந்துச்சு. ஏழு வயசுச் சிறுக்கிக்குக்கூட இன்னைக்கு நோன்பு உறுதியா இருக்கு.

போட்டிருப்பேன். கை பழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல. முப்பது வருஷமா இந்தக் கை உப்புப் போடுது, புத்தி எங்க போனாலும் கை போட்டிருக்கும். அப்படின்னா இப்ப இன்னொரு கை போட்டேன்னா கரிச்சுத் தொலைக்கும், கரிச்ச கஞ்சிக்கு மருந்து கிடையாது, தண்ணி ஊத்தினா ருசி போவும், இன்னும் தேங்காய்ப்பால் ஊத்தலாம்னா தேங்காய் இல்ல. போடலேன்னா? உப்பை ஒரு கிண்ணத்துல தனியா வச்சுடலாம், வேணும்ங்கிறவுஹ போட்டுக்கட்டும்னு. சம்மந்தி என்ன சொல்லுவாஹ, என் பேரைச் சொல்லி, மைமூன் வீட்டுல கஞ்சியைக் கூட நாமளே சமைச்சுக்கிடணும் போலன்னு நாலு தெரு கேக்கச் சொல்லுவாஹ. இந்த நாலு வருஷமா அவுஹ வாயில இருந்து ஒரு கடுஞ்சொல் வரலதான், அதை இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா வாரப்பெல்லாம் அந்தப் பார்வை. வந்து உக்காந்ததும் சுலைகாவோட மூஞ்சியைப் பாப்பாஹ, அப்புறம் வயித்தைப் பாப்பாஹ, அப்புறம் என்னைப் பாப்பாஹ, அப்புறம்தான் "நல்லா இருக்கியளா" வரும். மூணு பேரன் இருக்கு அவுஹளுக்கு மத்தப் புள்ளைங்க வழியில. இந்த மவன்தான் கடைசி, செல்லம். பாவம் அவுஹளுக்கும் ஆசை இருக்காதா. ஆனா என் புள்ளையை அவுஹ பாக்குற பார்வை எனக்குப் பொறுக்காது, ஒரு நாள் இல்ல ஒரு நாள் நான் எதையாவது சொல்லித் தொலைக்கப் போறேன். சம்சாவை எடுத்துப் பொரிக்கப் போடுறேன். எண்ணெய் சத்தத்துக்கு நடுவுல காதைத் தீட்டிக்கிட்டு நிக்கிறேன், அறையில இருந்து ஒரு சத்தமும் இல்ல. படுத்திருக்காளா? நோன்புக் களைப்புல படுத்திருப்பா. வயித்துல ஒண்ணு இருந்தா களைப்பு கூடத்தான் இருக்கும், நான் இவளைச் சுமந்தப்ப நின்ன இடத்துல தூங்குவேன். அலசின சத்தம்? கைக்குட்டையா இருக்கும். வேர்க்குதே. பீரோ கீழ்த்தட்டு? பாய். பாய்தான். ஒரு சம்சா வாயைப் பிளந்து மசாலாவை எண்ணெய்ல கொட்டிடுச்சு, மைதாவைக் குழைச்சு நல்லாத்தான் ஒட்டினேன், கொட்டின மசாலாவை அரிகரண்டியில அள்ளித் தனியா வச்சேன், அது நாளைக்கு ஒரு முட்டையில கலந்துக்கலாம்.

சம்மந்தி வந்துட்டாஹ. வாசல்ல செருப்புக் கழட்டுறப்பவே ஸலாம், கையில துணி மூடின கிண்ணம், வட்டிலப்பம். "எதுக்குச் சம்மந்தி சிரமம்"னேன். "நாலு முட்டை, கொஞ்சம் கருப்பட்டி, என்ன சிரமம்"னாஹ. நேரா அடுப்படிக்கு வந்துட்டாஹ, ஹால்ல உக்காருங்கன்னா கேக்க மாட்டாஹ. முக்காலியை இழுத்துப் போட்டு உக்காந்து முகத்தை முந்தானையால விசிறிக்கிட்டாஹ. "மருமவ எங்க?" "உள்ள இருக்கா, ஓதிட்டிருப்பா." "நோன்பெல்லாம் விடாம பிடிக்கிறாளா?" கேட்டுட்டாஹ. சாதாரணமா எல்லாரும் கேக்குற கேள்வி, கேட்ட விதமும் சாதாரணம்தான், கைதான் விசிறுறதை நிறுத்திடுச்சு. நான் அவுஹ கையையே பாத்தேன். அப்பத்தான் எனக்கு விளங்குச்சு, இவுஹளும் எண்ணிட்டிருக்காஹ. பராத்துல இருந்து எண்ணிருக்காஹ, மவன் பயணம் போன நாளை வச்சு எண்ணிருக்காஹ, நான் எண்ணின அதே விரல்ல. "பிடிக்கிறா, அல்ஹம்துலில்லாஹ், இருபது நோன்பும் பிடிச்சா"ன்னேன். இருபதுன்னுதான் சொன்னேன், இருபத்தொண்ணுன்னு சொல்ல வரல. அவுஹ மூஞ்சி மலர்ந்துச்சு பாருங்க, நான் திரும்பி நின்னு சம்சாவைத் தட்டுல அடுக்கினேன். எழும்பி வந்து துணியை விலக்கிச் சட்டியைப் பாத்தாஹ. "வாசம் தூக்குது. உப்புப் பாத்தியளா?" நான் சட்டியைப் பாத்துக்கிட்டே, "கைக்கணக்குத்தான்"னேன். "அது எப்படி, கை ஏமாத்திடும். சுலைகாவைக் கூப்பிட்டு..." பாதியில நிறுத்திட்டாஹ. கேக்கணும்னும் இருக்கு, கேட்டுடக் கூடாதுன்னும் இருக்கு அவுஹளுக்கு. அப்புறம் கேட்டே போட்டாஹ, மெதுவா, "இல்ல, அவளும் நோன்புதானே இன்னைக்கு?"

உள்ள கட்டில் முனகுச்சு. அவ எழும்பிட்டா. இன்னும் நாலு எட்டுல வந்து இந்த வாசல்ல நிப்பா, இவுஹ அவ மூஞ்சிக்கு நேரா இதே கேள்வியைக் கேப்பாஹ, அவ வாயால அதைச் சொல்ல வேண்டி வரும், அடுப்படியில நின்னுக்கிட்டு, மாமியார் முன்னால. எனக்குப் பதிமூணு வயசுல பட்ட வெக்கம் தேவல. பாத்துட்டேன்னு ஒரு பொய் சொல்லிடலாம், நோன்போட பொய் வாயில வரல. ஒரே வழிதான் இருந்துச்சு. "எதுக்கு அவளைக் கூப்பிட்டுக்கிட்டு, நானே பாத்துடுறேன், நாக்கு நுனியில வச்சுத் துப்பிடலாம்னு ஆலிமா சொல்லிருக்காஹல்ல"ன்னு கரண்டியை விட்டு அள்ளினேன். இருபது நாள். யா அல்லாஹ், நீ பாத்துட்டுத்தான் இருக்கே, இவளுக்காகத்தான் வச்சேன், இவளுக்காகத்தான் முறிக்கிறேன், நீ எப்படி வேணாலும் எடுத்துக்கோ. உதட்டுக்குக் கிட்டக் கொண்டு போயிட்டேன், சூடு உதட்டுல பட்டுச்சு, அப்ப ஒரு கை வந்து என் மணிக்கட்டைப் பிடிச்சுது. ஜில்லுன்னு இருந்துச்சு அந்தக் கை. "வேணாம்மா. நீங்க நேர்ச்சை வச்சிருக்கிய"ன்னா சுலைகா. எப்படித் தெரியும் இவளுக்கு? தலைநோன்பு அன்னைக்கு அடுத்த பாயில தொழுதா, நான் ஸஜ்தாவுல வாய்விட்டுச் சொல்லிருக்கேன் போல, இருபது நாளா தெரிஞ்சுக்கிட்டுத் தெரியாத மாதிரி இருந்திருக்கா. கண்ணு சிவந்திருந்துச்சு, மூஞ்சியைக் கழுவிட்டு வந்திருந்தா. கரண்டியை என் கையில இருந்து வாங்கினா. மாமியாரை நேராப் பாத்தா, என்னைப் பாக்கல. "எனக்கு இன்னைக்கு நோன்பு இல்ல மாமி. லுஹருக்கு அப்புறம் போயிடுச்சு." சொல்லிட்டு ஊதி ஊதிக் குடிச்சா. ஒரு நிமிஷம் நாக்குல வச்சிருந்தா. "உப்பே போடலம்மா நீங்க"ன்னா.

போடலியா. ஜாடிக்குக் கை நீட்டினப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு போல, அந்த அலசுற சத்தத்துலயே தெரிஞ்சுபோச்சு, இவ்வளவு நேரமும் நான் தேடினது உப்பை இல்ல. சம்மந்தி முக்காலியில உக்காந்துட்டாஹ, யா அல்லாஹ்ன்னு முணுமுணுத்தாஹ, எனக்குக் கேக்கக் கூடாதுன்னு மெல்லத்தான் சொன்னாஹ, கேட்டுச்சு. வாயைத் திறந்து எதையாவது சொல்லட்டும், இன்னைக்கு நான் விடப்போறதில்லன்னு நான் நிமிர்ந்தேன். அவுஹ ஜாடியை எடுத்து சுலைகா பக்கம் நகட்டி வச்சாஹ. "நீயே போடும்மா. உங்க உம்மாவுக்கு இன்னைக்குக் கை நிதானத்துல இல்ல." அவ ஒரு கை அள்ளிப் போட்டுக் கிண்டினா, பாத்தா, இன்னும் ரெண்டு கல்லு போட்டா, பாத்தா. "போதும்." அவுஹ அவளையே பாத்துட்டிருந்தாஹ. "லுஹர்ல இருந்து ஒண்ணும் திங்காமயா கிடந்தே?" அவ ஜாடியை மூடினா. "பைத்தியக்காரி. நோன்பில்லாதவ எதுக்குப் பட்டினி கிடக்கணும்?"னு எழும்பி, நான் ரெண்டா வகிர்ந்து தட்டுல அடுக்கி வச்சிருந்த பேரீச்சம்பழத்துல ஒரு பாதியை எடுத்தாஹ, போதலேன்னு இன்னொரு பாதியையும் சேர்த்தாஹ, பாங்குக்கு இன்னும் நேரம் கிடக்கு, அவுஹளே காலையில இருந்து பச்சத்தண்ணி படாம வந்திருக்காஹ, அந்தக் கையால என் மவ வாயைத் திறக்கச் சொல்லி ஊட்டினாஹ. அவ மென்னுக்கிட்டே அழுதா. அவுஹ முந்தானையால அவ மூஞ்சியைத் துடைச்சாஹ. இத்தனை நாளா மனசுக்குள்ள அவுஹகூட சண்டை போட்டு வச்சிருந்தேன் நான், எல்லாம் வீண், எல்லாத்துக்கும் மன்னிப்புக் கேக்கணும்.

பாங்கு சொன்னாஹ. பழத்தை வாயில வச்சேன், தண்ணி குடிச்சேன், முத மிடறு கஞ்சி உள்ள இறங்குச்சு. உப்பு சரியா இருந்துச்சு, இருபத்தொரு நாள்ல இன்னைக்குத்தான் கச்சிதமா இருந்துச்சு. என் நேர்ச்சை முறியல, மீதி ஒம்பதையும் நாக்குல படாமப் பிடிச்சுடுவேன், யாருக்காக வச்சேனோ அவளே அதைக் காப்பாத்திக் குடுத்திருக்கா, இனி அதை வச்சுக்கிட்டு நான் அல்லாஹ்கிட்ட என்னத்தைக் கேக்குறது, அடுத்த வருஷம் மாப்பிள்ளை வார வரைக்கும் என்னத்தைக் கேக்குறது. சம்மந்தி ரெண்டாவது தரம் வாங்கிக் குடிச்சாஹ. சுலைகா கடல்பாசியை என் பக்கம் தள்ளி வச்சுட்டு, "இனி ஆறு நாளைக்கு உங்களுக்கு உப்புக் கவலை இல்லம்மா, நான்தான் பாப்பேன்"னா. சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னா. நானும் சிரிச்சேன், அப்புறம் முக்காட்டை இழுத்து மூஞ்சியை மூடிக்கிட்டு அழுதேன். சம்மந்தி என் கோப்பையை இழுத்து இன்னொரு கரண்டி கஞ்சி ஊத்தினாஹ.